ஆடு விழும் இடம்: ஃப்ளொரீடா மலையில் ஓர் ஐபெக்ஸ் வேட்டை – நிகழ்வு ஆய்வு

பின்னணி: மலையும் ஆடும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், டெமிங் ஊருக்குத் தென்கிழக்கே, பாலைவெளியின் நடுவில் தனித்து நிற்கிறது ஃப்ளொரீடா மலை. கடலோர மாநிலமான ஃப்ளோரிடாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உள்ளூரில் ‘ரீ’யை அழுத்தியே சொல்வார்கள். சுற்றிலும் கடல்மட்டத்துக்கு 1,300 மீட்டர் மேலே தட்டையான புதர்வெளி. அதிலிருந்து 2,270 மீட்டர் வரை செங்குத்தாக ஏறுகிறது பாறை. அடிவாரத்தில் சப்பாத்திக்கள்ளி, ஒகோட்டியோ என்ற முட்செடி, உடையைப் பிடித்து இழுக்கும் கேட்க்ளா முள். மேலே போகப்போகக் குட்டை ஜூனிபர் மரங்களும் உதிர்பாறையும். பிடித்த கல் கையோடு வந்துவிடும், மிதித்த கல் காலோடு உருளும். ஆண்டின் பெரும்பகுதி மேலே தண்ணீர் கிடையாது.

இந்த மலையில் வாழ்வது ஈரானிலிருந்து வந்த பெசோவார் ஐபெக்ஸ். நம் வீட்டு வெள்ளாட்டின் காட்டு மூதாதை இதுதான். சொந்த வேட்டை விலங்கு குறைவாக இருந்த மலைகளிலும் வெளிகளிலும் அயல்நாட்டு விலங்குகளை விடும் திட்டம் ஒன்று இவை வந்த காலத்தில் அந்த மாநிலத்தில் நடந்துகொண்டிருந்தது. மாநில வேட்டைத்துறை ஆணையத்தின் தலைவராக இருந்த ஃபிராங்க் ஹிப்பன் அதை முன்னின்று நடத்தினார். கனேடியன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1950-இல் பார்பரி ஆடு விடப்பட்டது. வெள்ளை மணல் ஏவுகணைத் தளத்தில் 1969 முதல் ஓரிக்ஸ் மான். ஃப்ளொரீடா மலையில் 1970 முதல் ஐபெக்ஸ். கப்பலில் வந்த விலங்குகள் அடைப்பிலேயே இருக்க வேண்டும் என்பது தொற்றுநோய்ச் சட்டம். அதனால் இங்கே பிறந்த குட்டிகளைத்தான் மலையில் விட்டார்கள்.

ஆனைமலைப் பாறைகளில் வரையாட்டைப் பார்த்தவர்களுக்கு ஐபெக்ஸின் நடை புரியும். குளம்பு வைக்க நான்கு விரல் இடம் போதும். ஆனால் வரையாடு சொந்த மண்ணிலேயே அருகிவரும் விலங்கு, அதைச் சுடுவது குற்றம். ஐபெக்ஸ் மனிதன் கொண்டுவந்து விட்டது. பெருகினால் அக்கம்பக்கத்து மலைகளுக்குப் பரவும். தெற்கிலும் மேற்கிலும் உள்ள மலைகளில் அந்த மண்ணுக்கே உரிய பாலைப் பெருங்கொம்பு ஆடுகள் இருக்கின்றன. அதனால்தான் இங்கே வேட்டை ஒரு நிர்வாகக் கருவி. இதை ஏற்காதவர்கள் உண்டு, அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த ஆய்வு அந்த விவாதத்துக்குள் போகவில்லை. அனுமதியோடு போன ஒரு குழு எங்கே சரியாக முடிவெடுத்தது, எங்கே தவறியது என்பதே இதன் பொருள்.

உரிமமும் குழுவும்

ஐபெக்ஸ் உரிமம் குலுக்கல் முறையில் கிடைப்பது. மார்ச் நடுவில் விண்ணப்பம் முடியும், ஏப்ரல் வாக்கில் முடிவு வரும். கிடாய்க்கான இலையுதிர்கால ரைஃபிள் உரிமம் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான். அடுத்து நடந்த பலவற்றுக்கு இந்த ‘ஒருமுறை’யே அடித்தளம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

குழுவில் மூவர். உரிமம் பெற்றவர் ஐம்பதை நெருங்குபவர். காட்டிலும் சமவெளியிலும் மான் வேட்டையாடிப் பழகியவர், செங்குத்துப் பாறைக்குப் புதியவர். துணைவர் பல ஆண்டுகள் பாறை ஏறியவர், வேட்டையாடாதவர். மூன்றாமவர் அடிவாரத்தில் முக்காலியில் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கி வைத்து மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் காவல்கண்.

கருவிகள்: 6.5 கிரீட்மூர் ரைஃபிள், 140 கிரைன் தோட்டா, 200 கஜத்துக்கு (183 மீட்டர்) பூஜ்யம் வைத்த, அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்த ஸ்கோப், லேசர் தூரமானி, 10 மடங்கு பைனாகுலர். கயிறேற்றத்துக்கு 60 மீட்டர் நீளாக்கயிறு (சுமையில் அதிகம் நீளாத கயிறு), உடம்பில் கட்டும் ஹார்னஸ் இரண்டு, நாடாக்கள், காரபினர் என்ற உலோகக் கொக்கிகள், பாறைவெடிப்பில் செருகிப் பிடிமானம் தரும் கேம்கள் மூன்று, இரண்டு கப்பிகள். கறிக்குக் காற்றுப் புகும் துணிப்பைகள் எட்டு. ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர்.

ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டார்கள்: பாறை விஷயத்தில் மூவரில் யார் ‘வேண்டாம்’ என்றாலும் பேச்சு முடிந்தது, காரணம் கேட்கக்கூடாது. இந்தக் குழு செய்த மிக நல்ல ஏற்பாடு இதுவே.

முதல் நாள்: கீழிருந்து போனது

நவம்பர் நடுப்பகுதி, இணைசேரும் காலம். மற்ற மாதங்களில் ஒதுங்கித் திரியும் பெரிய கிடாய்கள் இப்போது பெட்டைகளோடு கலந்திருக்கும். கண்டுபிடிப்பது எளிது, நெருங்குவது கடினம், ஏனென்றால் இருபது முப்பது ஜோடிக் கண்களைத் தாண்டிப் போக வேண்டும்.

விடிந்து அரைமணி நேரத்தில் காவல்கண் கிழக்கு முகத்தில் 27 ஆடுகளைக் கண்டார். அவற்றில் மூன்று முதிர்ந்த கிடாய்கள். வெளிறிய உடம்பு, தோளைச் சுற்றி இறங்கும் கரும்பட்டை, கருந்தாடி, முதுகை நோக்கி அரிவாள்போல் வளைந்த கொம்பு. 2 கிலோமீட்டரிலிருந்தும் பிரித்தறியலாம்.

மற்ற இருவரும் நேராக ஓடைவழியே மேலே போனார்கள். இதுதான் பிழை. ஐபெக்ஸ் ஆபத்தைக் கீழிருந்துதான் எதிர்பார்க்கிறது. படுக்கும்போதும் சமவெளியைப் பார்த்தே படுக்கும். 600 மீட்டர் இருக்கும்போது ஒரு கல் உருண்டது. ஒரு பெட்டை எழுந்து நின்று பார்த்தது. ஓடவில்லை, குரல் கொடுக்கவில்லை, வெறுமனே எழுந்து நின்றது. ஒரு நிமிடத்துக்குள் 27 ஆடுகளும் முகட்டைத் தாண்டிவிட்டன.

இரண்டாம் நாள்: மேலே போன குண்டு

மேலிருந்து வர முடிவானது. அதிகாலை 3:30-க்கு மேற்குப் பக்கத்திலிருந்து ஏறத் தொடங்கி, எட்டரைக்கு முகட்டை அடைந்தார்கள். நேரக்கணக்குக்குக் காரணம் காற்று. வெயில் படாத சரிவில் குளிர்ந்த காற்று கீழே வழியும். வெயில் பட்டதும் சூடாகி மேலே ஏறும். கிழக்கு முகத்தில் காலையிலேயே வெயில் விழுவதால், எட்டரைக்கு மேல் அங்கே காற்று ஆட்டிடமிருந்து முகட்டை நோக்கி வரும். மனித வாடை கீழே போகாது. இந்தக் கணிப்பு சரியாகவே இருந்தது.

பத்தரைக்கு ஒரு கிடாய் தென்பட்டது. தூரமானி 313 மீட்டர் காட்டியது. கீழ்நோக்கி 38 பாகைச் சரிவு. உரிமம் பெற்றவர் 313-க்கு உரிய அளவு குறியை உயர்த்திச் சுட்டார். குண்டு முதுகுக்கு மேலே போய்ப் பாறையில் புழுதி கிளப்பியது. கிடாய் போய்விட்டது.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஈர்ப்புவிசை குண்டை இழுப்பது கிடைமட்டத் தூரத்தின் அளவுக்குத்தான். சாய்கோட்டுத் தூரத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். 38 பாகைக்கு அது 0.79, ஆக, சுட வேண்டிய தூரம் 247 மீட்டர். இந்தத் தோட்டா 247 மீட்டரில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் இறங்கும், 313-இல் ஏறத்தாழ 30. வித்தியாசம் ஒரு சாண். மார்பின் நடுவில் வைத்த குறி முதுகுக்கு மேலே போக அது போதும். தூரமானியில் கோணத்தைக் கழித்துக்காட்டும் வசதி இருந்தது. சமவெளியில் பழகும்போது அதை அணைத்து வைத்தவர், மலைக்கு வருமுன் திரும்பப் போடவில்லை.

ஓடிய மந்தையைத் துரத்தாமல் விட்டது சரி. அடிபடாத ஆடு ஓரிரு முகடு தாண்டி நின்றுவிடும். துரத்தினால் நாள் முழுக்க ஓடும். ஆனால் அடிபடவில்லை என்று எப்படித் தெரியும்? துணைவர் கிடாய் நின்ற இடம்வரை இறங்கிப் பார்த்தார். ரத்தமில்லை, மயிரில்லை, பாறையில் குண்டு பட்ட புதுத்தழும்பு மட்டும். காவல்கண்ணும் மந்தை நின்றதும் அதே கிடாயை ஸ்கோப்பில் இருபது நிமிடம் பார்த்து, நொண்டல் இல்லை, பெட்டையை விரட்டுகிறது என்று உறுதி செய்தார். இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. தவறிய குண்டு என்று வாயால் சொல்லிவிட்டுப் போவது இந்த விலங்குக்குச் செய்யும் அநியாயம்.

மூன்றாம் நாள்

ஓய்வு. அடிவாரத்தில் 100 கஜத்தில் அட்டை நட்டு மூன்று தோட்டா சுட்டார்கள். ரைஃபிள் பாறையில் இடித்திருந்தாலும் பூஜ்யம் நகரவில்லை. தூரமானி அமைப்பை மாற்றி, அதன்மேல் டேப் ஒட்டினார்கள்.

அன்று மாலை மூட்டையைக் குறைக்கும் பேச்சு வந்தது. இரண்டு நாளும் ஒருவருக்கு 19 கிலோ சுமை. கயிறும் கேம்களும் சேர்ந்து 6 கிலோவுக்கு மேல், இதுவரை ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை. புல்வெளியில் நிற்கும் கிடாயை மட்டும்தான் சுடப்போகிறோம் என்ற எண்ணத்தில் கயிற்றை வண்டியிலேயே வைத்தார்கள்.

நான்காம் நாள்: பாறைத்தட்டு

மறுபடியும் மேற்குவழி. பகல் இரண்டேமுக்கால் மணிக்கு, முகட்டுக்கு நேர் கீழே ஒரு பாறைத்தட்டில் ஒரு கிடாய் படுத்திருந்தது. 231 மீட்டர், 41 பாகை கீழ்நோக்கி. தூரமானி தானே கழித்து 174 காட்டியது. பூஜ்யத்துக்கு மிக அருகில். குறுக்குக்கோட்டை நேரே வைத்தால் போதும்.

தட்டின் அகலம் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்காது. வடக்குமுனை சற்று விரிந்து, புல்சரிவோடு சேர்கிறது. வெளிப்பக்கம் 12 மீட்டர் கீழே, முள் அடர்ந்த இன்னொரு சிறு தட்டு. அதற்கும் கீழே சரளை வாய்க்கால், அது எங்கே முடிகிறது என்று மேலிருந்து தெரியவில்லை.

படுத்திருக்கும்போது சுடுவதில்லை என்று முடிவு செய்து காத்திருந்தார்கள். எழுந்து வடக்கே பத்து மீட்டர் நடந்தால் புல்சரிவு. அங்கே விழுந்தால் நடந்தே எடுக்கலாம். ஐம்பது நிமிடம் போனது. இதற்குள் மூன்று விஷயங்கள் நெருக்கின. ஒன்று, இரண்டரைக்கே கிழக்கு முகத்தில் வெயில் போய்விட்டது. பாறை ஆறியதும் காற்று திரும்பிக் கீழே வழியும், அதோடு வாடையும் போகும். மூன்றரைக்கு, காற்றின் திசை பார்க்கும் பொடிப்புட்டியை அழுத்திப் பார்த்தபோது தூசி அசையாமல் நின்றது. மேலேறும் காற்று ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு, ஐந்து மணி சொச்சத்துக்குச் சூரியன் மறையும். மூன்று, வாழ்நாளில் ஒருமுறை உரிமம்.

3:40-க்குக் கிடாய் எழுந்தது. உடம்பை உதறியது. வடக்கே நான்கைந்து அடி வைத்து, பக்கவாட்டில் நின்றது. புல்சரிவுக்கு இன்னும் ஆறு மீட்டர். பன்னிரண்டு நிமிடம் அப்படியே நின்று சமவெளியைப் பார்த்தது. 3:52-க்கு உரிமம் பெற்றவர் சுட்டார்.

குறிவைத்தது சரிதான். செங்குத்தாகக் கீழே சுடும்போது குண்டு நுழையும் இடத்தை மட்டும் பார்க்கக்கூடாது, அது வெளியேறும் இடத்தை நினைத்துக் குறிவைக்க வேண்டும். இப்பக்கம் தோளுக்குப் பின்னே மேலே நுழைந்து, அப்பக்கம் முன்னங்கால் மூட்டுக்கு அருகே வெளியேறினால், நுரையீரல் இரண்டும் நடுவில் அகப்படும். அப்படியே ஆனது. பின்னர் அறுத்துப் பார்த்தபோதும் அதுவே தெரிந்தது. ஆனால் நுரையீரலில் அடிபட்ட ஆடு நின்ற இடத்தில் விழாது. சில வினாடி நடக்கும் அல்லது ஓடும். கிடாய் மூன்றடி வைத்தது. வடக்கே அல்ல, வெளிப்பக்கம். விளிம்பைத் தாண்டி 12 மீட்டர் விழுந்து, கீழ்த்தட்டின் முட்புதரில் சிக்கி நின்றது. புதர் இல்லையென்றால் வாய்க்காலுக்குள் போயிருக்கும்.

நான்கு மணி முடிவு

உயிர் இல்லை என்பது காவல்கண்ணின் ஸ்கோப்பில் உறுதியானது. அடுத்து, எடுப்பது எப்படி?

உரிமம் பெற்றவர் மேல்தட்டுவரை இறங்கிப் பார்த்தார். அங்கிருந்து கீழ்த்தட்டுக்கு நடுநடுவே கைப்பிடி இருப்பதாகத் தோன்றியது. இறங்கலாம் என்றார். துணைவர் ‘வேண்டாம்’ என்றார். ஒப்பந்தப்படி பேச்சு முடிந்தது. மறுநாள் கயிற்றில் இறங்கும்போது அந்தப் பிடிகளில் இரண்டு கையோடு பெயர்ந்து வந்தன.

அடுத்த அரைமணியில் அவர்கள் செய்ததை அப்படியே பின்பற்றலாம். சுட்ட இடத்தில் ஆரஞ்சு நாடா கட்டினார்கள். அங்கிருந்து தட்டுக்குத் திசைமானி அளவு எடுத்தார்கள். ஜிபிஎஸ் புள்ளி குறித்தார்கள். ஆனால் செங்குத்துப் பாறையில் ஜிபிஎஸ் பல மீட்டர் தவறும் என்பதால் அதை மட்டும் நம்பவில்லை. காவல்கண் கீழிருந்து ஸ்கோப் வழியே போன் கேமராவில் படம் எடுத்து, அதில் தட்டையும் அதற்கு நேர் மேலேயுள்ள பிளந்த பாறையையும் வட்டமிட்டு அனுப்பினார். மேலிருந்து பார்த்தால் எல்லாப் பாறையும் ஒன்றுபோல இருக்கும், கீழிருந்து எடுத்த படம் இல்லாமல் மறுநாள் அந்த இடத்தைத் தேடியே பாதி நாள் போயிருக்கும். டிரோன் விடலாமா என்ற யோசனை எழுந்தது. வேட்டையில் டிரோன் அந்த மாநிலத்தில் தடை, அதனால் உடனே கைவிட்டார்கள்.

தலைவிளக்கோடு இறங்கி வண்டியை அடைய இரவு 8:40 ஆனது.

கறி பற்றிய கவலை அப்போதே இருந்தது. குடலெடுக்காத உடம்பு ஓர் இரவு முழுக்கக் கிடக்கப்போகிறது. இரவு 3 டிகிரிவரை குளிரும், அதனால் கெடாது என்று நினைத்தார்கள். பாதி உண்மைதான் அது.

ஐந்தாம் நாள்: கயிறும் கறியும்

காலை நான்குக்குப் புறப்பட்டு, கயிறு முதலிய சுமையோடு பத்தரைக்கு இடத்தை அடைந்தார்கள்.

கயிற்றின் பிடிமானத்துக்கு அரைமணி செலவானது. முதலில் கண்ணில் பட்டது ஆளுயரப் பாறாங்கல். துணைவர் அதை உதைத்துப் பார்த்தார். அடியில் மண் உதிர்ந்தது. விட்டுவிட்டார். தொடைப் பருமனுள்ள உயிருள்ள ஜூனிபரின் அடிமரத்தில் ஒரு நாடா, பின்னாலிருந்த உறுதியான பாறைவெடிப்பில் இரண்டு கேம்கள். மூன்றையும் சமமாக இழுக்கும்படி ஒரே முடிச்சில் சேர்த்தார். ஒன்று விட்டாலும் மற்ற இரண்டு தாங்கும். கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் மடித்த பழைய தரைவிரிப்புத் துண்டு வைத்தார்கள். முதலில் இறங்கியவர் துணைவர் மட்டும். உரிமம் பெற்றவர் மேலே பிடிமானத்தோடு தன்னையும் கட்டிக்கொண்டு நின்றார்.

11:20-க்கு உடம்பை அடைந்தார் துணைவர். சுட்டு பத்தொன்பதரை மணி நேரம் ஆகியிருந்தது. வயிறு உப்பி முரசுபோல இருந்தது. இடக்கொம்பின் நுனி விழும்போது உடைந்து காணவில்லை. சட்டப்படி உடம்பில் டேக் (உரிமச் சீட்டு) போடவேண்டியவர் உரிமம் பெற்றவர். ஆகவே அவரையும் கயிற்றில் இறக்கிக் கொண்டுவந்து, டேக் போட்ட பிறகே கத்தி எடுத்தார்கள்.

அந்தச் சிறு தட்டில் ஆட்டைப் புரட்டிக் குடலெடுக்க முடியாது. உப்பிய வயிற்றில் கத்தி பட்டால் கறி முழுக்க நாறிப்போகும். அதனால் வயிற்றைத் திறக்காத முறையைக் கையாண்டார்கள். கொம்பில் நாடா போட்டு உடம்பைப் பாறையோடு கட்டி, முதுகெலும்பை ஒட்டிக் கீறித் தோலைக் கீழே உரித்தார்கள். முன்னங்கால் உடம்பின் எலும்புக்கூட்டோடு மூட்டால் இணைவதில்லை, அக்குளுக்குள் கத்தியை விட்டாலே தனியே வரும். பின்னந்தொடைக்கு இடுப்புக்கிண்ணத்தை ஒட்டி அறுத்து, கிண்ணத்தின் இணைப்புநாரைத் துண்டித்தார்கள். பிறகு முதுகுக்கறி. கடைசியாக, விலாவுக்குக் கீழே கையை விட்டு உள்முதுகுக் கறியைப் பிரித்தார்கள். அதன்பின் திருப்பிப்போட்டு மறுபக்கம். கிடாய் என்பதற்கான அடையாளத்தை ஒரு தொடையோடு சேர்த்தே விட்டார்கள். அதிகாரிகள் சோதித்தால் காட்டுவதற்காக.

மேல்பக்கத் தொடை நன்றாக இருந்தது. தரையில் பட்டுக்கிடந்த தொடையைத் திறந்ததும் எலும்பை ஒட்டிப் புளித்த வீச்சம். இடுப்பெலும்பைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குக் கறி பச்சைசாய்ந்து வழவழத்தது. வெளியே 3 டிகிரி குளிரிலும் இப்படி ஆனது ஏன்? பகலில் வெயில் குடித்த பாறை இரவிலும் சூடு விட்டுக்கொண்டே இருந்தது. தடித்த தோலும் மயிரும் போர்வையாகின. குடலின் சூடு வெளியேற வழியில்லை. உடம்பிலேயே கறி மிகத் தடித்த இடம் பின்னந்தொடை. அதன் எலும்போரம்தான் கடைசியாக ஆறும், முதலில் கெடும். ஏறத்தாழ 3 கிலோவை வெட்டி எறிய வேண்டியிருந்தது. நல்ல கறியைக் காட்டில் விட்டுவருவது குற்றம் என்பதால், கெட்ட பகுதியைப் படமெடுத்து வைத்தார்கள்.

எலும்பு நீக்கிய கறி 21 கிலோ, தலையும் கொம்பும் 7 கிலோ. எடையில் மூன்றில் ஒரு பங்கு விசையால் இழுக்கும்படி கப்பிகளை அமைத்து, மூன்று தவணையாக மேலே ஏற்றினார்கள். மாலை 3:15 ஆனது. முந்தையநாள் பாடத்தால் முழுச்சுமையோடு இருட்டில் இறங்கவில்லை. கறியைத் துணிப்பையில் போட்டு, வெயில் படாத வடக்குப் பக்க ஜூனிபரில், ஒன்றோடொன்று உரசாமல் தொங்கவிட்டு இறங்கினார்கள். அப்படியிருந்தும் சரளைச் சரிவில் உரிமம் பெற்றவரின் கணுக்கால் பிசகியது. தண்ணீர் பிற்பகல் இரண்டுக்கே தீர்ந்திருந்தது. கால் தடுமாறியதில் அதற்கும் பங்கு உண்டு என்பது எங்கள் கருத்து.

ஆறாம் நாளும் பின்னும்

துணைவரும் காவல்கண்ணும் ஏறி, இரண்டு மூட்டையாகக் கறியை இறக்கினார்கள். மேலே காற்றில் ஆறியிருந்த கறியின் மேற்புறம் காய்ந்து தோல்போலப் படிந்திருந்தது, வீச்சம் இல்லை. வலக்கொம்பு 104 சென்டிமீட்டர். கொம்பின் ஆண்டுவளையங்கள் ஒன்பது. வேட்டை அறிக்கையை இணையத்தில் பதிவு செய்தார்கள். கணுக்கால் தேற ஐந்து வாரம் ஆனது.

என்ன மாற வேண்டும்

3:52-க்குச் சுட்டது சரியா என்பதில் குழுவுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. உரிமம் பெற்றவர் தூரம், கோணம், நிலை எல்லாமே சரியாக இருந்ததாகச் சொல்கிறார். அது உண்மை. எங்கள் தீர்ப்பு வேறு: அந்தக் குண்டைச் சுட்டிருக்கக்கூடாது. கிடாய் புல்சரிவிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி நின்றது. நுரையீரலில் அடிபட்ட ஆடு அதைவிட அதிகத் தூரம் போகக்கூடியது, எத்திசையில் என்று யாரும் சொல்ல முடியாது. கயிறு கையில் இல்லை. வெளிச்சம் ஒருமணி நேரம். காற்று திரும்பி மந்தை கலைந்திருந்தால் ஒரு நாள்தான் போயிருக்கும், உரிமக்காலம் முடிய இன்னும் நாட்கள் இருந்தன.

பாறைத்தட்டில் நிற்கும் ஆட்டைச் சுட்டே ஆகவேண்டும் என்றால் குறி மாற வேண்டும். நுரையீரலுக்குப் பதில் இரண்டு தோள்களும் உடையும்படி சற்று முன்னே வைத்தால் கால் வேலை செய்யாது, பெரும்பாலும் நின்ற இடத்திலேயே சாயும். கொஞ்சம் தோள்கறி வீணாகும். அதற்கு உடையாமல் ஊடுருவும் செம்புத் தோட்டா ஏற்றது. அப்போதும் விழுந்து உருளாது என்பதற்கு உறுதியில்லை. ஆகவே ‘இங்கிருந்து உருண்டால் எங்கே போய் நிற்கும்’ என்பதைச் சுடுமுன் வாய்விட்டுச் சொல்லி, அந்த இடத்துக்குப் போகும் வழியையும் காட்ட வேண்டும். சரளை வாய்க்காலின் முடிவு தெரியாமலே அன்று சுட்டார்கள்.

கிழக்கு முகத்தில் பகல் ஒருமணிக்கு மேல் சுடுவதில்லை என்று நேரக்கெடு வைத்துக்கொள்ளலாம். ஒருமணிக்குச் சுட்டு, கயிறும் கையில் இருந்தால், வெளிச்சம் போகுமுன் தோலுரித்துக் கறியைக் காற்றில் தொங்கவிட முடியும். அதன்பின் எத்தனை மணிக்கு இறங்கினாலும் கறிக்கு ஒன்றும் ஆகாது. எதையாவது விட்டுப்போயே ஆகவேண்டும் என்றால், ஒருவராவது உடம்பை எட்டிப் பின்னந்தொடையை எலும்புவரை கீறித் திறந்துவிட்டு வர வேண்டும்.

கயிறு விஷயத்தில் இந்தக் குழு இப்போது வேறு வழியில் போகிறது. 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள 60 மீட்டர் கயிற்றுக்குப் பதில் 8 மில்லிமீட்டரில் 40 மீட்டர் நீளாக்கயிறு, அதற்குப் பொருந்தும் இறங்குகருவி, இரண்டு கேம், ஒரு கப்பி; எடை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மெல்லிய கயிறு விளிம்பில் சீக்கிரம் அறும் என்பதால் தரைவிரிப்புத் துண்டு மட்டும் இன்னும் பெரிதாகியிருக்கிறது. உரிமம் பெற்றவரும் கயிற்றில் இறங்கவும் ஏறவும் பழகிக்கொண்டார். அன்று துணைவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவரை மேலே தூக்கத் தெரிந்தவர் மலையில் யாரும் இல்லை. தண்ணீர் ஆளுக்கு 6 லிட்டர், அதில் இரண்டு லிட்டர் முதல் நாளே முகட்டு நிழலில் பதுக்கி வைக்கப்படுகிறது. தூரமானியில் ஒட்டிய டேப் அப்படியே இருக்கிறது.